பெருந்தொழிலும் சக்திச் சிக்கனமும்

ஒரு நாட்டின் செல்வம் அந்நாடு பெற்றிருக்கும் பொருளினால் மட்டும் அளக்கப்படுவதன்று; பெற்ற பொருளை அஃது எவ்வாறு செலவிடுகின்றது என்பதனாலும் அளக்கப்படுவதாகும். வீட்டுக்கு ஒத்த இவ்வுண்மை நாட்டுக்கும் ஒக்கும். தோட்டத்துக்கு ஒத்தது ஆலைக்கும் ஒக்கும். எரிபொருளையும் மின்சாரத்தையும் பெருமளவிற் கொள்ளும் தொழிற்சாலைகள் அவற்றைத் திட்டமிட்டே செலவிடுதல் வேண்டுமென அரசுகள் பல சட்டம் இயற்றியுள்ளன. அச்சட்டங்கள் எதன்பொருட்டு எழுந்தன, எவ்வாறு நடைபெறுகின்றன, வடபகுதியினராகிய நமக்கு அவற்றால் ஆவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம். தமிழாசிரியர் இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருந்துமோ என ஐயுறுவார் உளராயின், சட்டமென்பது சொற்களால் ஆயது என்பதும், சொற்பொருள் தெளிதல் எம் தொழில் என்பதும் அவர்க்கு விடையாகும்.

சொற்பொருள்

முதற்கண் சொற்களை வரையறுத்துக் கொள்ளுதல் நலம். நம் பாடநூல்களில், வேலை செய்யும் ஆற்றல் சக்தி எனவும், வேலை செய்யப்படும் வீதம் வலு எனவும் வழங்கும். நூறு உவாற்று மின்குமிழ் என்னுமிடத்து நூறு உவாற்று என்பது வலு. அக்குமிழ் பத்து மணிநேரம் எரிந்தால் ஓர் அலகு மின்சாரம் செலவாகும். அவ்வலகு சக்தியைக் குறிப்பது. மாதந்தோறும் நாம் பணம் செலுத்துவது பெரும்பாலும் சக்திக்கே. அமைச்சின் பெயரிலோ 'வலுசக்தி' என இரண்டு சொற்களும் ஒன்றாய்ப் புணர்ந்து நிற்கின்றன. ஆட்சி வழக்கு அவ்வாறு இருப்பினும், கணக்கிடும்போது இரண்டனையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

இனி, சிக்கனம் என்பதும் வினைத்திறன் என்பதும் தம்முள் நெருங்கியவை எனினும் ஒன்றல்ல. விளக்கை அணைத்துவிட்டு இருளில் இருப்பவன் மின்சாரத்தை மிச்சம்பிடித்தான் எனலாம். வினைத்திறன் உடையான் எனல் ஆகாது. அதே ஒளியைக் குறைந்த மின்சாரத்தாற் பெறுபவனே வினைத்திறன் உடையான். 1990ஆம் ஆண்டின் பின் நம் குடாநாடு மின்சாரம் இழந்து கிடந்த காலத்தில், ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டுப் படித்தோம்; சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அது நாம் விரும்பிக் கைக்கொண்ட சிக்கனமன்று. வறுமை நம்மேற் சுமத்திய கட்டாயம். சட்டங்கள் கருதும் சிக்கனம் அத்தகையதன்று. உற்பத்தி குறையாதிருக்க, செலவு மாத்திரம் குறைதலையே அவை கருதுகின்றன.

திருக்குறட் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. அரசன் தன் வலியையும் மாற்றான் வலியையும் சீர்தூக்குமாறு கூறும் அவ்வதிகாரத்துள்ளேயே வரவுக்கும் செலவுக்கும் எல்லை காணுதலும் பேசப்படுகின்றது. வலியை அறிதலும் செலவை அளத்தலும் ஓரினத்தன என ஆசிரியர் கொண்டமை இப்பொருளை ஆராய்வார்க்குப் பெரிதும் துணையாகும்.

ஆலையில் சக்தி வீணாகுமாறு

உடுப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைப்போர் ஒன்றை அறிவர். இயந்திரம் நன்றாக ஓடினும், குழாயில் ஓட்டையிருந்தால் எண்ணெய் போகும். நீர் பயிரை அடையாது. வாய்க்கால் மணலாயின் பாதி நீரை மணலே குடித்துவிடும். ஆகவே எண்ணெய்ச் செலவைக் குறைக்க விரும்புபவன் இயந்திரத்தை மட்டும் நோக்கினாற் போதாது. கிணற்றிலிருந்து பாத்திவரையுள்ள வழி முழுவதையும் நோக்குதல் வேண்டும். ஆலைக்கும் இஃதே முறை.

நமக்கு அணித்தாயிருந்த பேராலை ஒன்றை உதாரணமாகக் கொள்வாம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, போர்ச்சூழலால் 1990இல் நின்றுபோயிற்று. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும் முருங்கன் களிமண்ணும் அதன் மூலப்பொருள்கள். சீமெந்து ஆக்குவதில் இவ்விரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் ஏறக்குறைய 1,450 பாகை செல்சியசு வரை சூடேற்றுவர். அப்போது உருவாகும் கட்டிகளே கிளிங்கர் எனப்படும். கிளிங்கரோடு சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தாற் சீமெந்து கிடைக்கும்.

இத்தொழிலில் இருவகை முறைகள் உள. ஈரமுறையில் மூலப்பொருள்கள் நீருடன் சேர்ந்து கூழாகச் சூளையிற் புகும். அந்நீர் முழுவதையும் ஆவியாக்குதற்கே பெரும் எரிபொருள் செலவாகும். ஒரு தொன் கிளிங்கருக்கு இம்முறையில் 5 முதல் 6 கிகாயூல் வரை வெப்பம் வேண்டும். உலர்முறையில், சூளையினின்றும் வெளியேறும் சூடான வாயுவையே கொண்டு புகும் பொருளை முன்னதாகச் சூடேற்றுவர். இக்காலத்துச் சிறந்த உலர்முறை ஆலைகளுக்கு 3 கிகாயூலுக்குச் சற்று மேற்பட்ட வெப்பமே போதும். பொருள் ஒன்றே, செலவோ ஏறத்தாழப் பாதி. ஆண்டுக்கு 1,00,000 தொன் கிளிங்கர் ஆக்கும் ஆலை ஒன்று தொன்னுக்கு 1 கிகாயூல் மிச்சம்பிடிப்பதாகக் கொள்வோம். ஒரு தொன் நிலக்கரி 25 கிகாயூல் வெப்பம் தருமாயின், அவ்வாலை ஆண்டுக்கு 4,000 தொன் நிலக்கரியை எரியாது விடும். அந்நிலக்கரியைக் கொள்ளும் அந்நியச் செலாவணியும், அதனால் எழும் புகையும் அவ்வளவிற் குறையும்.

சூளை இல்லாத ஆலைகளிலும் இத்தகைய இழப்புக்கள் மலிந்துள்ளன. காற்றுவிசிறியின் வேகம் குறைந்தால் அதற்கு வேண்டும் வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும் என்பது பொறியியல் விதி. வேகத்தை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தால் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். இதனை அறியாத ஆலையில் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, காற்றுப்போகும் வழி மாத்திரம் கதவிட்டு அடைக்கப்பட்டிருக்கும். வண்டியை விரைந்து செலுத்திக்கொண்டே தடையையும் அழுத்துவதற்கு அஃது ஒப்பாகும். அமுக்கக் காற்றுக் குழாய்களில் உள்ள சிறு துவாரங்கள் இரவும் பகலும் மின்சாரத்தை உண்ணும்; நன்கு பேணப்படாத ஆலைகளில் அமுக்கிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவேளை அதனினும் மேல், இவ்வாறே ஒழுகிப்போகின்றது. போர்வையிடாத கொதிநீராவிக் குழாயோ ஊரையே சூடேற்றிக்கொண்டிருக்கும்.

சட்டம் எதற்கு?

'சிக்கனத்தால் இலாபம் அடைபவன் ஆலைக்காரன். அவனுக்கு இலாபம் தருவதைச் செய்யும்படி சட்டம் ஏன் கட்டளையிடல் வேண்டும்?' என்பது இங்கு எழும் வினா. இது நல்ல வினா; இதற்குக் காரணங்கள் நான்கு கூறலாம்.

முதலாவது, அளக்கப்படாதது கண்ணுக்குத் தோன்றாது. ஆலை முழுவதற்கும் ஒரே மின்மானி இருக்குமாயின், எந்தப் பொறி எவ்வளவு உண்டது என்பதை முதலாளியும் அறியார். இரண்டாவது, எரிபொருட் செலவு பொருளின் விலையிலே ஏற்றப்பட்டுவிடுதலால், வீணானதற்கு உரிய பணத்தைக் கொடுப்பவன் கொள்வோனே. மூன்றாவது, பொறியை வாங்குபவர் அதன் விலையையே நோக்குவர்; அப்பொறி பதினைந்து ஆண்டுகளில் உண்ணும் மின்சாரத்தின் விலை பொறியின் விலையைப் பன்மடங்கு விஞ்சும் என்பதை நோக்கார். நான்காவது, ஓர் ஆலை வீணாக்கும் மின்சாரம் அவ்வாலையின் இழப்போடு நின்றுவிடுவதில்லை. புதிய மின்நிலையம் ஒன்றைக் கட்டும் செலவும், அதற்குக் கொள்ளும் கடனும், அது கக்கும் புகையும் ஊரார் அனைவரையும் சாரும். இந்நான்காவதே சட்டத்துக்கு உரிமை தருவது. தன் பொருளை வீணாக்குபவனைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டோ என வாதிடலாம். பிறர் பொருளை வீணாக்குபவனைத் தடுக்கும் உரிமையை மறுப்பார் இல்லை.

யப்பானும் இந்தியாவும்

எண்ணெய் வளமில்லாத யப்பான் நாடு, எழுபதுகளில் எண்ணெய் விலை இருமுறை ஏறியபோது பெரிதும் இடர்ப்பட்டு, 1979ஆம் ஆண்டில் சக்தியைப் பகுத்தறிவோடு பயன்படுத்துதல் பற்றிய சட்டத்தை இயற்றியது. பேரளவிற் சக்தி கொள்ளும் தொழிற்சாலைகள் குறித்தொதுக்கப்பட்டன. அவை தேர்வில் தேறிய சக்தி முகாமையாளரை நியமித்தல் வேண்டும்; தாம் கொண்ட சக்தியின் கணக்கை அரசுக்கு அறிவித்தல் வேண்டும். ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு ஒன்றாகச் செறிவைக் குறைத்தல் அவற்றின் இலக்காகப் பின்னர் வைக்கப்பட்டது. நூற்றுக்கு ஒன்று சிறிதெனத் தோன்றலாம். முப்பது ஆண்டுகள் தொடர்ந்து செய்யின் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேலாகும்.

இந்தியா 2001ஆம் ஆண்டில் சக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றி, 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆம் திகதி சக்தி வினைத்திறன் பணியகத்தை நிறுவியது. அச்சட்டத்தின் உயிர்நிலை 'குறித்தொதுக்கப்பட்ட நுகர்வோர்' என்னும் கருத்தாகும். ஆண்டுக்கு 30,000 தொன் எண்ணெய்க்கு நிகரான சக்தியைக் கொள்ளும் சீமெந்து, இரும்புருக்கு, பசளை, கடதாசி ஆலைகள் இவ்வகையில் அடங்கின. நெசவாலைக்கு எல்லை 3,000 தொன்னாக வைக்கப்பட்டது. ஆகவே அரியலூர்ப் பகுதிச் சீமெந்து ஆலைகளைப் போன்றவையும் கோயம்புத்தூரின் பெரிய நூலாலைகளைப் போன்றவையும் ஒரே சட்டத்தின்கீழ் வெவ்வேறு அளவுகோலால் அளக்கப்படலாயின. தமிழ்நாட்டில் இச்சட்டத்தை நடத்தும் பொறுப்பு அரசின் மின் ஆய்வுத்துறையிடம் ஒப்புவிக்கப்பட்டது.

வெறுங்கட்டளையோடு நில்லாது, இந்தியா ஒரு புதுமுறையையும் கண்டது. 2012–13 முதல் 2014–15 வரையான முதற்சுற்றில் எட்டுத் தொழில்களைச் சார்ந்த 478 ஆலைகளுக்குத் தனித்தனி இலக்குகள் விதிக்கப்பட்டன. இலக்குக்கு மேல் மிச்சம்பிடித்த ஆலைக்கு, ஒரு தொன் எண்ணெய்க்கு ஒன்றாகச் சான்றிதழ் வழங்கப்படும். இலக்கை எட்டாத ஆலை அச்சான்றிதழை விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். மொத்த இலக்கு 66.86 இலட்சம் தொன் எண்ணெய்க்கு நிகரானது. பெற்ற சேமிப்போ 86.7 இலட்சம் தொன். இலக்கு எளிதாய் அமைந்தமையாலன்றோ இவ்வாறு விஞ்சியது என வினவினாரும் உளர். அவ்வினாவிலும் நியாயம் உண்டு. தண்டத்தின் வரலாறும் பாடம் புகட்டுவதே. முதலில் 10,000 ரூபாவாக இருந்த மேலெல்லையை 2010ஆம் ஆண்டுத் திருத்தம் 10 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. மீறுவதன் விலை நிறைவேற்றுவதன் விலையினும் குறைந்ததாயின், சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கைப் பாராளுமன்றம் 1985ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தினால் சக்திச் சேமிப்பு நிதியத்தை நிறுவியது. அந்நிதியத்தின் இடத்தில், 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோன்றியது. காற்று, சூரிய ஒளி, நீர் முதலியவற்றை வளர்த்தலோடு, வினைத்திறனைப் பேணுதலும் அச்சபையின் கடமையாகும். நுகர்வுக்கு அளவுக்குறிகள் வகுத்தல், பெருநுகர்வோர் சக்தி முகாமையாளரை நியமிக்கச் செய்தல், அங்கீகாரம் பெற்ற கணக்காய்வாளரைக் கொண்டு சக்திக் கணக்காய்வு நடத்துவித்தல், கட்டடங்களுக்கும் மின்கருவிகளுக்கும் நியமங்கள் வகுத்தல் என்பன அதன் வழிகள்.

சக்திக் கணக்காய்வு என்பது பணக் கணக்காய்வு போன்றதே. காசோலைக்குப் பதிலாக அலகுகளையும், பேரேட்டுக்குப் பதிலாக மின்மானியையும் கொள்க. எவ்வளவு புகுந்தது, எங்கே சென்றது, எவ்வளவு பயன் தந்தது, எவ்வளவு புகையாயும் வெப்பமாயும் கழிந்தது என ஐந்தொகை காணுதல் முதற்படி. ஒத்த ஆலைகளோடு ஒப்பிடுதல் இரண்டாம் படி. எதனை முதலில் திருத்தினால் இட்ட பணம் விரைந்து மீளும் என வரிசைப்படுத்துதல் மூன்றாம் படி. ஆண்டுதோறும் செய்துமுடித்தலும் அறிவித்தலும் நான்காம் படி. இந்நான்கும் சேர்ந்ததே திட்டம் எனப்படும். நான்காம் படி இல்லாத திட்டம் அலுமாரியில் உறங்கும் ஏடே.

மின்கட்டண முறையும் இதற்குத் துணைசெய்கின்றது. 42 கிலோவோல்ற்று அம்பியருக்கு மேற்பட்ட இணைப்புடைய தொழிற்சாலைகளுக்கு, கொண்ட அலகுகளோடு உச்சக் கேள்விக்கும் தனிக்கட்டணம் உண்டு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்சவேளைக்கு அலகின் விலை மிகுதி. ஆதலின் ஒரு பொறியை மாலை ஏழுமணிக்கு ஓட்டாது இரவு பதினொரு மணிக்கு ஓட்டுவதே சேமிப்பாகும். நாடு முழுவதும் விளக்கேற்றும் அவ்வேளையிற் பேராலை தன் கேள்வியைச் சற்றுத் தணித்தால் எண்ணெய் எரிக்கும் பொறிகளின் தேவையும் தணியும்.

இதன் இன்றியமையாமையை 2022ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு விதிக்கப்பட்டது. அச்சிடுவோனும் அரிசி ஆலைக்காரனும் தையற்காரியும் கைகட்டியிருந்தனர். பேராலைகள் பலவற்றிடம் சொந்த மின்பிறப்பாக்கிகள் இருந்தன. சிறுதொழிலாளர்க்கு அவை இல்லை. வீணாக்குவோர் ஒருசாராராயிருக்க இருளில் இருப்போர் மற்றொருசாராராதல் அறமாகாது.

தடைகளும் ஐயங்களும்

இத்தகைய சட்டங்களுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் எண்ணுதல் முறை. இவை உத்தியோகத்தரின் கைக்குக் கோலைக் கொடுக்கும் என்பர் சிலர். படிவம் நிரப்புதலே வேலையாய்ப் பொறியைத் திருத்துதல் பின்னிற்கும் என்பர் வேறு சிலர். இவை வெற்றச்சம் அல்ல. ஆகவேதான் எல்லை உயர்ந்ததாய், பேராலைகளை மட்டும் பற்றுவதாய் இருத்தல் வேண்டும். பத்துப்பேர் வேலைசெய்யும் பட்டறைக்குத் தண்டம் தகாது, அறிவுரையும் குறைவட்டிக் கடனுமே தகும். கணக்காய்வாளர் ஆலைக்காரனின் கையாளாகாதபடி, அவரது அறிக்கையைப் பிறிதொருவர் சோதித்தலும் வேண்டும்.

இன்னுமோர் ஐயம் பழையது. 1865ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்சு, நிலக்கரியைத் திறம்படப் பயன்படுத்தப் பயன்படுத்த நாட்டின் நிலக்கரிச் செலவு குறையாது கூடவே செய்யும் என வாதித்தார். மலிந்த பொருளை மாந்தர் மேலும் விரும்புதலால் இவ்வாறு நிகழலாம் என்பது மெய். ஆயினும், வளரவேண்டிய நாட்டில் கூடிய உற்பத்தியைக் குறைந்த எரிபொருளாற் பெறுதல் நட்டமாகாது. மொத்தச் செலவையும் அடக்க விரும்புவோர் வினைத்திறனோடு விலையையும் வரியையும் சேர்த்தே ஆளுதல் வேண்டும் என்பதே அவர் கூற்றால் நாம் பெறும் பாடம்.

நமக்கு ஆவது

'வடபகுதியில் இன்று பேராலை எங்கே உளது, இச்சட்டம் யாருக்கு?' என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களிற் கைத்தொழில் வலயங்கள் அமைத்தல்பற்றிப் பேசப்பட்டுவருகின்றது. ஆலை எழுந்தபின் திருத்துதல் அரிது. எழுமுன் திட்டமிடுதல் எளிது. குழாயின் விட்டமும் சூளையின் முறையும் வரைபடத்தில் இருக்கும்போது மாற்ற ஓர் அழிப்பான் போதும். கட்டியபின் மாற்றக் கோடிகள் வேண்டும். ஆதலின் ஆலை இல்லாத காலமே நமக்கு உரிய காலம்.

குடாநாட்டு மண்ணின் இயல்பும் இதனை வற்புறுத்துகின்றது. நம் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மேலே சிந்தியது கீழே கிணற்றை அடையும். போர்க்காலத்தில் தேசிய மின்தொகுதியினின்றும் துண்டிக்கப்பட்ட நாம் நெடுங்காலம் டீசற்பொறிகளையே நம்பியிருந்தோம். சுன்னாகத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமைபற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடு வழங்கப் பணித்தது. எரியாது விட்ட ஒவ்வொரு பீப்பாய் எண்ணெயும் நம் நிலத்தின்மேற் கொண்டுவரப்படாத எண்ணெயாகும். ஆறில்லாத நாட்டில் கிணறே ஆறு. அதனைக் காத்தல் சக்திச் சிக்கனத்தின் முதற்பயன்களுள் ஒன்று.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளரும் கணக்காளரும் சட்ட அறிஞரும் வணிகரும் பலர் உளர். கடல்கடந்து வாழ்வோரும் பலர். சக்தி முகாமையாளர், கணக்காய்வாளர் என்னும் புதுத்தொழில்கள் அவர்க்கும் அவர்தம் மக்களுக்கும் உரியனவாகத் திறந்திருக்கின்றன. வடக்கில் முதலிட எண்ணுவோர் ஆலையின் முதல் வரைபடத்தோடு சக்தித் திட்டத்தையும் கேட்டுப் பெறுவாராக. உயர்தர வகுப்பிற் கற்கும் மாணவர்க்கு யாம் கூறுவது இன்னும் எளிது. கல்லூரியின் மின்மானியை மாதந்தோறும் வாசித்து, பன்னிரண்டு மாதக் கணக்கை வரைபாகத் தீட்டி, எம்மாதம் ஏன் ஏறிற்று என ஆராய்க. பின் ஆய்வுகூடம், அலுவலகம், விடுதி எனப் பிரித்து அளக்க. அதுவே அவர் நடத்தும் முதலாவது சக்திக் கணக்காய்வாகும். அக்கணக்கை அதிபரின் மேசையில் வைத்து, 'இவ்வளவு மிச்சம்பிடிக்கலாம்' என எண்ணோடு கூறவல்ல மாணவன், நாளை ஒரு பேராலையின் வாயிலில் நின்றும் அவ்வாறே கூறவல்லவனாவான். சட்டம் நாட்டுக்கு வேலி. அளந்தறியும் பழக்கமோ பயிர். வேலியைப் பாராளுமன்றம் இடும். பயிரை வளர்த்தல் பள்ளிக்கூடத்தின் கடன்.